கிளட்ச் போச்சா, கேபிள் போச்சா?

திண்டிவனத்திலிருந்து தாம்பரம் போகும் வழியில் பரனூர் சுங்கச்சாவடி வரிசை. 1999 மாடல் மாருதி 800. ஓட்டியவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், பக்கத்தில் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கும் மகள். வண்டியை நிறுத்த கிளட்ச்சை மிதித்தார். 'டக்' என்று ஒரு சத்தம். பெடல் கொழகொழவென்று தரையில் போய் ஒட்டிக்கொண்டது. பிரேக் போட்டதும் வண்டி குலுங்கி ஆஃப் ஆகிவிட்டது. நாலு பேர் சேர்ந்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

போனில் கேட்ட மெக்கானிக் ஒரே வரியில் முடித்துவிட்டார். "கிளட்ச் போயிடுச்சு சார். கியர்பாக்ஸை இறக்கி செட்டையே மாத்தணும்." பல ஆயிரம் ரூபாய் செலவு. அவருக்கு மனசு விட்டுப்போனது. "பேசாம பழைய இரும்புக்குப் போட்டுடலாம்மா" என்றார்.

"அவசரப்படாதீங்கப்பா" என்றாள் மகள்.

கிளட்ச் பிளேட் ஒரே நிமிடத்தில் தேய்ந்து போகாது. மெதுவாகத்தான் தேயும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் இரையும், வண்டி இழுக்காது. மேடு ஏறும்போது கருகிய வாடை வரும். இந்த வண்டியில் காலை வரை அப்படி எதுவும் இல்லை.

இன்ஜினை அணைத்துவிட்டு கியர் போட்டுப் பார்க்கச் சொன்னாள். எல்லா கியரும் சுலபமாக விழுந்தன. ஸ்டார்ட் செய்து நியூட்ரலில் வைத்துவிட்டுப் போட்டால் 'கர்ர்' என்ற சத்தம்தான், கியர் விழவில்லை. அதாவது கியர்பாக்ஸில் கோளாறு இல்லை, கிளட்ச் விடுபடவில்லை.

மாருதி 800-இல் பெடலையும் கிளட்ச்சையும் இணைப்பது ஒரு கேபிள்தான். இன்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்து, அப்பாவைப் பெடலை மிதிக்கச் சொன்னாள். கியர்பாக்ஸ் மேல் இருக்கும் லீவர் அசையவே இல்லை. அது அசைந்தும் கியர் விழாமல் இருந்திருந்தால் கோளாறு உள்ளே, மெக்கானிக் சொன்னதுதான் சரி. பெடலுக்கு மேலே டார்ச் அடித்துப் பார்த்தால், கொக்கிக்குப் பக்கத்தில் கேபிள் இழை இழையாகப் பிரிந்து அறுந்து கிடந்தது.

செங்கல்பட்டிலிருந்து ஒரு மெக்கானிக் புது கேபிளோடு வந்து அங்கேயே மாட்டினார். கேபிள் விலை சில நூறு ரூபாய். கியர்பாக்ஸைத் தொடவே இல்லை.

சில கார்களில் கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தம் இருக்கும். அவற்றில் பெடல் திடீரென்று தரைக்குப் போனால் முதலில் எண்ணெய் அளவையும், மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர் இரண்டிலும் கசிவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அந்த மாருதி அன்று இரவே வீடு போய்ச் சேர்ந்தது. பழைய இரும்புப் பேச்சை அப்பா அதற்குப் பிறகு எடுக்கவில்லை.