இல்லமும் பணியிடமும்

வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்துப் பொருளீட்டுவது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். கோரையைக் கீறி, நீரில் ஊறவிட்டு, பட்டுப்போல் மடியும் பாயாக அதை நெய்து புகழ் சேர்த்தவர்கள் அவ்வூர் லெப்பைக் குடும்பத்தார். அவர்கள் வீடே அவர்களுக்குத் தறிக்கூடம். மேலப்பாளையத்தில் வீட்டுக்குள் அமர்ந்து பீடி சுற்றிய தாய்மார்களின் கூலியில் படித்து முன்னேறிய பிள்ளைகள் எத்தனையோ பேர்.

ஆகவே, 2020 மார்ச்சில் கொள்ளைநோயை முன்னிட்டு நாடே அடைபட்டு, சென்னையில் கம்ப்யூட்டர் வேலையிலிருந்த என் மகள் மடிக்கணினியும் கையுமாகப் பூரணாங்குப்பத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்றேன். நோய் தணிந்த பின்னரும் வீட்டிலிருந்தே பணிசெய்யக் கம்பெனி அனுமதித்தது. பெண்பிள்ளைக்கு வீட்டு நிழலிலேயே சம்பாத்தியம். இதைவிட வேறென்ன வேண்டும் என்று எண்ணினேன். அந்த எண்ணத்தில் பாதி பிழை என்பதை உணர எனக்கு மூன்றாண்டுகள் பிடித்தன.

கூடத்து ஜன்னலோரம் அவளுக்கு ஒரு மேசை போட்டோம். ஆனால் அந்த மேசைமுன் அவளைத் தொடர்ந்து ஒரு மணி நேரம் உட்காரவிட்டோமா? கேஸ் சிலிண்டர் வந்தால் அவளே எழ வேண்டும். விருந்தினர் வந்தால் தேநீர் அவளே போட வேண்டும். “வீட்டில்தானேம்மா இருக்கிறாய்!” என்ற ஒரே வாக்கியம் எல்லாருடைய நாவிலும் இருந்தது, என் நாவிலும் இருந்தது. அஸருக்குப் பின் திண்ணையில் என்னிடம் ஸர்ஃப் படிக்க வரும் பிள்ளைகள் உரத்த குரலில் வினைத்திரிபுகளை ஒப்பிப்பார்கள். உள்ளே அவள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு மேலாளரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஓரிரவு தஹஜ்ஜுதுக்காக எழுந்தேன். கூடத்தில் வெளிச்சம். அவள் வேலை செய்துகொண்டிருந்தாள்.

“இன்னும் தூங்கவில்லையாம்மா?”

“பகலில் நான் செய்வதை யாரும் வேலையாகவே நினைப்பதில்லை அத்தா. எல்லாரும் தூங்கிய பிறகுதான் இந்த மேசை என்னுடையதாகிறது.”

சில நாட்கள் கழித்து, புதுச்சேரி நகரில் பலர் சேர்ந்து பணிசெய்யும் பொது அலுவலகம் ஒன்றில் மாத வாடகைக்கு ஓர் இருக்கை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். நான் மறுத்தேன். சொந்த வீடு இருக்க நாற்காலிக்கு வாடகையா? முன்பின் அறியாதவர்களோடு நாள் முழுதும் இருப்பதா? அவள் வாதாடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்: “உங்கள் கிதாபுகளையெல்லாம் ஏன் அத்தா மதரஸா அறையில் வைத்திருக்கிறீர்கள்?”

எனக்கு விடை வரவில்லை. இருபது ஆண்டுகளாக அந்த அறையின் சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. வீட்டில் ஒரு பக்கமும் எழுத ஓடாது என்பதால் அங்கே போய் எழுதுகிறேன். ‘வீடு இருக்க அறை எதற்கு?’ என்று என்னை யாரும் கேட்டதில்லை. எனக்கு உரிமையாக இருந்தது அவளுக்கு ஆடம்பரமாகத் தோன்றியது எப்படி?

அன்றிரவு வெகுநேரம் சிந்தித்தேன். மக்காவில் தீன் தழைக்கத் தொடங்கிய நாளில் தோழர்கள் கூடிக் கற்றது அர்க்கம் (ரலி) அவர்களின் இல்லத்தில். ஒரு வீடே பலருக்குப் பொதுவான இடமாயிற்று. மஸ்ஜிதுந் நபவியில் பாடம் நடத்திய இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் பிற்காலத்தில் தம் இல்லத்திலேயே நடத்தினார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியதாகப் புகாரியில் படித்திருக்கிறோம். வீட்டுக்குரிய நேரம் வீட்டுக்கு, கடமைக்குரிய நேரம் கடமைக்கு. இந்த ஹதீஸைப் பிறருக்குப் பாடமாக நடத்திய நான், என் கூடத்தில் அதைக் காணத் தவறிவிட்டேன்.

இந்தப் பொதுப் பணியிட முறையும் தனிமைக்கு மருந்தாகப் பிறந்ததே. 2005-இல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபெர்க் என்னும் கம்ப்யூட்டர் நிபுணர், தனித்துத் தொழில் செய்யும் சுதந்திரமும் வேண்டும், அலுவலகத்தின் தோழமையும் வேண்டும் என்று, ஓரிடத்தை வாரம் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தார். முதல் மாதம் ஒருவரும் வரவில்லையாம். இன்று அது உலகெங்கும் பரவிவிட்டது. நம் பக்கத்திலும், சென்னைக் கொளத்தூரில் 2024 நவம்பரில் ‘முதல்வர் படைப்பகம்’ என்ற பெயரில் தமிழக அரசே அத்தகைய இடம் ஒன்றைத் திறந்தது. வீட்டில் இடமில்லாதவர்களின் தேவையை அரசும் உணர்ந்துவிட்டது.

மறுவாரம் அவளோடு நானும் போனேன். கடலூர்ச் சாலையில் பேருந்தேறி, சுண்ணாம்பாற்றுப் பாலத்தையும் அரியாங்குப்பத்தையும் கடந்து நகரை அடைந்தோம். நீண்ட மேசைகள், பேச்சொலி இல்லை, பெண்கள் நால்வர் இருந்தனர், தொலைபேசியில் பேசத் தனியறை. லுஹர் தொழ இடம் கிடைக்குமா என்று தயக்கத்தோடு கேட்டேன். அந்தத் தனியறையையே காட்டினார்கள். என் அச்சத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்தது.

இப்போது வாரத்தில் மூன்று நாள் அங்கே, இரண்டு நாள் வீட்டில் என்பது அவள் வகுத்த முறை. வாடகையும் பேருந்து அலைச்சலும் இழப்புதான். மதிய உணவுக்கு அவள் இல்லாதது அவள் அம்மாவுக்கு இன்னும் குறைதான். ஆனால் இரவில் அவள் தூங்குகிறாள். வீட்டிலிருக்கும் இரண்டு நாட்களிலும் என் மாணவர்கள் பள்ளிவாசலில் படிக்கிறார்கள். சிலிண்டருக்கு நானே எழுகிறேன்.

எல்லாரும் நகரத்துக்குப் போக வேண்டும் என்று நான் கூறவில்லை. போக இயலாத பெண்களே நம்மில் மிகுதி. வீட்டில் செய்யப்படும் வேலையும் வேலையே என்று மற்றவர்கள் ஒப்புக்கொள்ளாதவரை, அந்த வீடு பணியிடம் ஆகாது என்பதே நான் கற்ற பாடம். பத்தமடையையும் மேலப்பாளையத்தையும் பெருமையோடு எடுத்துக்காட்டி இதைத் தொடங்கினேன். அந்தத் தாய்மார்கள் எத்தனை மணிக்கு உறங்கினார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.