மலேசியா இந்தியன்தானே?

இரண்டாம் ஆண்டுக்கு விடுதியில் இடமில்லை என்று மின்னஞ்சல் வந்தபோது எனக்குப் பெரிய பயம் ஒன்றும் வரவில்லை. சிங்கப்பூர்தானே. ஈப்போவில் இரவு பஸ் ஏறினால் காலையில் வந்து இறங்கும் ஊர். இங்கே ஒரு ரூம் கிடைக்காதா என்ன?

மூன்று வாரம் தேடினேன். ஏஜெண்டுகளுக்கு வாட்ஸ்அப் அனுப்பினால் முதலில் வருவது ஒரே சொல்தான்: 'ரேஸ்?' 'இந்தியன்' என்று போட்டால் சிலர் பதிலே போடமாட்டார்கள். சிலர் 'சாரி, ரூம் போயிடுச்சு' என்பார்கள். போய்விட்ட ரூம் மறுநாளும் விளம்பரத்தில் இருக்கும். சமைக்கவே மாட்டேன், மேகிகூடப் போடமாட்டேன் என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன்.

என்னோடு சேர்ந்து தேடியவள் மதுரையிலிருந்து படிக்க வந்த வகுப்புத்தோழி. ஒரே ரூமை எடுத்து வாடகையைப் பாதியாக்கிக்கொள்வது எங்கள் திட்டம். ஒவ்வொரு 'சாரி'யையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பித் திட்டிக்கொள்வோம்.

பிறகு ஈசூனில் ஓர் ஆன்ட்டி கிடைத்தார். போனில் தமிழ்க் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று தோழிக்கு லேப் இருந்ததால் தனியாகப் போனேன். மூவறை வீடு. ஜன்னல் ஓரம் கட்டில், மூலையில் துணி போர்த்திய தையல் மெஷின்.

"தாராளமா சமைச்சுக்க பாப்பா. நம்ம சாப்பாடுதானே" என்றார்.

தோழியைப் பற்றிச் சொன்னேன்.

"எந்த ஊரு?"

"மதுரை, ஆன்ட்டி."

"ஊர்க்காரங்களுக்குக் குடுக்கறதில்ல பாப்பா. முன்ன ஒரு பொண்ணு இருந்துச்சு, ஒத்து வரல. நீ மலேசியாதானே? நம்ம மாதிரி. ஒனக்குன்னா குடுக்கறேன்."

மூன்று வாரமாக நான் கேட்ட அதே 'சாரி'தான் இது. இந்த முறை தமிழில், என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் விடுதியைக் காலி செய்ய வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. அங்கேயே ஒரு மாத டெபாசிட்டை அனுப்பினேன்.

தோழியிடம், "ஒருத்தருக்குத்தான் இடமாம்" என்றேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை.

பிறகுதான் வீவக விதிகளைப் படித்தேன். முழு வீட்டை வாடகைக்கு எடுக்கும் வெளிநாட்டவருக்கு 2014 முதல் ஓர் அளவு இருக்கிறது: அக்கம்பக்கத்தில் 8 விழுக்காடு, ஒரு புளோக்கில் 11 விழுக்காடு. மலேசியர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ரூம் வாடகைக்கு இந்த விதியே கிடையாது. அதற்கான கணக்கை ஆன்ட்டி தானே போட்டுக்கொண்டார். எனக்கு லாபமாக இருந்ததால் நானும் சரிபார்க்கவில்லை.

ஆன்ட்டி நல்லவர். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ரசம் வைத்துக் கொடுத்தார். ஒரு நாள் சாப்பிடும்போது, தன் தாத்தா காரைக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த கதையைச் சொன்னார். என் தாத்தா கதையும் அதேதான். இருவருமே ஊர்க்காரர்களின் பேத்திகள். அதைச் சொல்ல அன்றும் வாய் வரவில்லை.

வீடு மாறிய ஞாயிற்றுக்கிழமைதான் இன்னும் உறுத்துகிறது. அவளுக்கு அப்போதும் ரூம் கிடைத்திருக்கவில்லை. இருந்தும், என் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு எம்ஆர்டியில் கூடவே வந்தாள். புளோக்குக்குக் கீழே வந்ததும், "நீ இங்கேயே இரு. மேல நானே கொண்டு போயிடறேன்" என்றேன்.

"ஏன்டி, நானும் வரேன். ரூமப் பாக்கணும்ல?"

"ஆன்ட்டி தூங்கறாங்க."

"சரி, நீ போ. நான் சாமானப் பாத்துக்கறேன்."

லிஃப்டில் மூன்று முறை ஏறி இறங்கினேன். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும், என் ரைஸ் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு அவள் கல்மேசையருகே உட்கார்ந்திருந்தாள்.