கேமராவை மாத்தணுமா? ஒரு பேங்க்காரனின் கணக்கு

வருஷா வருஷம் டிசம்பர் லீவுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு மூணு போன் வந்துடும். நியூஜெர்சி சித்தப்பா பையன், சிங்கப்பூர் மச்சினன்னு எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "ஊருக்கு வர்றேன், கேமராவைப் புதுசா மாத்திடட்டுமா?" பி.காம் படிச்சுட்டு பேங்க்ல குப்பை கொட்டுறவன்கிட்ட கேக்குற கேள்வியா இது? ஆனா 2007ல வாங்கின நிக்கான் டி40 இன்னும் நம்மகிட்ட ஓடிட்டிருக்கு. அதனால சொந்தத்துல நான்தான் எக்ஸ்பர்ட்!

டி40 வெறும் 6 மெகாபிக்சல். இன்னிக்கு போன்லயே 50, 200னு போடுறாங்க. கொஞ்சம் கணக்குப் பாப்போம். டி40 படம் 3008க்கு 2000 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளின்னு நல்ல தரமா அச்சடிச்சாலே 10 அங்குல அகலம் வருது. ஆல்பத்துல வைக்கிற 4க்கு 6 பிரிண்டுக்கு 2 மெகாபிக்சல் சொச்சம் போதும். 4கே டிவியை முழுசா நிரப்ப 8 சொச்சம். அப்புறம், 6லருந்து 24க்குப் போனா நாலு மடங்குன்னு தோணும். படத்தோட நீளம் ரெண்டு மடங்குதான் கூடும், அகலமும் அப்படியே. கடைக்காரர் பெருக்கி வர்றதை மட்டும் சொல்லுவார். (வட்டிக்காரர் இதுக்கு நேர்மாறு. "ரெண்டு வட்டி"ம்பார், வருஷத்துக்கு 24 சதவீதம்னு நமக்கு உறைக்காது.)

அதனால வீட்டுப் படம் எடுக்குறவங்க கையில இருக்கிறதை மாத்த வேண்டாம்ங்கிறது என் கட்சி. ட்யூப்லைட் வெளிச்சத்துல பாட்டி முகம் மங்கலா விழுதா? 35 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் ஒண்ணு வாங்குங்க. கேமராவோட வர்ற லென்ஸைவிட அஞ்சாறு மடங்கு வெளிச்சம் உள்ள விடும். டி40க்குள்ள ஃபோகஸ் மோட்டார் கிடையாது, அதனால லென்ஸ்ல 'ஏஎஃப்-எஸ்'னு இருக்கான்னு பாத்து வாங்குங்க.

ஆனா போட்டோ எடுத்துப் பொழைக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. இங்க மர்பி டவுன்ல, எங்க தெருவுல ஒரு தம்பி கல்யாண போட்டோகிராபர். தாத்தா காலத்துலயே வட ஆற்காட்டுலருந்து வந்த குடும்பம். போன வருஷம் ஐப்பசியில யோசனை கேக்க வீட்டுக்கு வந்தான். கையில இருக்கிறது நிக்கான் டி750. 2014ல வந்த மாடல், 24 மெகாபிக்சல். அதை வித்துட்டு மிர்ரர்லெஸ் கேமரா, லென்ஸ் எல்லாம் சேத்து 3 லட்சத்துக்கு முத்ரா லோன் கேக்கப் போறானாம். கைக்காசா போட வேண்டிய பங்குக்கு சம்சாரத்தோட வளையல் அடகுக்குப் போகுதாம்.

"ஏன் தம்பி, 12க்கு 18 ஆல்பம் பக்கத்துக்கே இந்தக் கேமரா போதுமே?"

"படத்துக்குப் போதும் சார். அட்வான்ஸ் வாங்கத்தான் போதல. பொண்ணு வீட்டுக்காரங்க முதல் கேள்வியே 'யாவ கேமரா?'ன்னுதான். அடுத்தது, 4கே வீடியோ உண்டா? இதுல இல்லையே."

நியாயம்தான். 12 சதவீத வட்டி, 36 மாசம்னு வச்சுக் கணக்குப் போட்டேன். மாசம் 9,964 ரூபாய். மூணு வருஷத்துல மூணு ஆடி, மூணு மார்கழி வரும். அந்த ஆறு மாசமும் முகூர்த்தம் இல்ல, இஎம்ஐ மட்டும் உண்டு. இஎம்ஐக்கு ஏது ஆடித் தள்ளுபடி?

வீடியோ கேக்குற கல்யாணத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துக்கோன்னேன். அவன் ஒத்துக்கல. "பெரிய முகூர்த்த நாள்ல எல்லாரும் வாடகைக்கு அலைவாங்க சார். கிடைக்கலன்னா? தாலி கட்டுறதை ரீடேக் எடுக்க முடியுமா?"

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. சரி, எதை மாத்தணும், எதை மாத்த வேண்டாம்னு பாப்போமேன்னு உக்காந்தோம். நிக்கான் 1959லருந்து இருந்த லென்ஸ் மாட்டுற வளையத்தை 2018ல மிர்ரர்லெஸ்ஸுக்காக மாத்திட்டாங்க. கூடவே பழைய லென்ஸை மாட்ட அடாப்டரும் விட்டாங்க. இவன்கிட்ட இருக்கிற லென்ஸ் எல்லாம் ஏஎஃப்-எஸ் வகை, அடாப்டர்ல ஆட்டோஃபோகஸ் ஓடும். அப்போ பாடியும் அடாப்டரும் மட்டும் போதுமே! லோன் ஒண்ணரை லட்சமா இறங்கிடுச்சு, மாசம் 4,982.

டி750ஐ விக்க வேண்டாம்னு கண்டிப்பா சொன்னேன். வித்தா பெருசா ஒண்ணும் தேறாது. அதுல ரெண்டு கார்டு போடலாம், ஒண்ணு மக்கர் பண்ணினாலும் கல்யாணம் இன்னொண்ணுல பத்திரமா இருக்கும். மண்டபத்துல ஒரு கேமரா படுத்துக்கிட்டா வேற எங்க போறது?

தையில கோலார் தங்கவயல்ல ஒரு கல்யாணம்னு ரெண்டு கேமராவையும் மாட்டிக்கிட்டுக் கிளம்பினான். வழியனுப்ப வாசலுக்கு வந்த அவன் சம்சாரத்தோட கையில வளையல் இருந்துச்சு.