உடைந்த வாளியும் ஒரு பிடி கீரையும்

மதுரையில் வாடகை அறையொன்றில் தங்கி முதுகலை வாசித்துவரும் எனக்கு, நிலைத்த பொருளாதாரம் குறித்து காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா ஜபல்பூர்ச் சிறையில் எழுதி 1945-இல் வெளிவந்த நூலைச் சென்ற மார்கழியில் படித்தது முதலாக, தந்தையார் அனுப்பும் பணத்தை எதிர்நோக்கியே மாதந்தோறும் ஜீவிப்பது ஒருவித லஜ்ஜையைத் தரலாயிற்று. சுயசார்பு என்னும் பெரிய வார்த்தைக்கு எனக்கு வாய்த்த நிலமோ, மொட்டைமாடியில் கிடந்த விளிம்புடைந்த பிளாஸ்டிக் வாளி ஒன்றுதான். அதில் மண் நிரப்பி, கடுகினும் சிறிய தண்டுக்கீரை விதைகளைப் பரம உற்சாகத்தோடு தூவினேன். மறுநாள் காலையில் பார்த்தால், எறும்புகள் அவற்றை வரிசை பிசகாமல் சுவரோரமாகச் சுமந்து சென்றுகொண்டிருந்தன. (அவற்றின் சுயசார்பு என்னுடையதினும் புராதனமானது!)

"மணலோட கலந்து தூவி, சுத்தி சாம்பல் போடணும்டா, இதுகூடத் தெரியாம என்ன எம்.ஏ.?" என்றார் அம்மா, தொலைபேசியில்.

அவ்விதமே செய்ததில், 25-ஆம் நாள் ஒரு பிடி கீரை கிடைத்தது. பருப்பும் உப்பும் கடைச் சரக்கே. மிச்சமான தொகை 10 ரூபாய்க்குமேல் இராது. ஆயினும், நானே பொத்தான் தைத்த சட்டையோடு உட்கார்ந்து, நானே கடைந்த கீரையைச் சோற்றில் பிசைந்தபோது உண்டான கர்வத்தை மறைப்பானேன்? விதை இன்னும் இருக்கிறது. உடைந்த வாளி வைத்திருக்கும் மாணவ நண்பர்கள் கேட்டால் தருகிறேன்.