அச்சம் பிறக்கும் இடம்

முகமூடி தரித்த வீரன் தீயோரை ஒறுக்கும் அமெரிக்கப் படங்களைக் கற்றோர் பலர் சிறுபிள்ளை விளையாட்டென ஒதுக்குவர். பேரொலியன்றி அவற்றில் யாதுமில்லை என்பது அவர் கூற்று. அஃது எனக்கு உடன்பாடன்று.

2008ஆம் ஆண்டில் கிறிஸ்தோபர் நோலன் இயக்கிய ‘தி டார்க் நைற்’ என்னும் படத்தைச் சான்றாகக் கொள்வேன். பற்மான் என்னும் வீரனுக்கும் ஜோக்கர் என்னும் கொடியோனுக்கும் நிகழும் போரே கதை. அச்சம் தோன்றும் நிலைக்களன்களுள் கள்வரையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். ஜோக்கரும் கள்வனே, ஆயின் கவர்ந்த பணத்தைக் குவித்துத் தீயிடும் கள்வன். அவன் வேண்டுவது யாதென அறியோமாதலின் அச்சம் இரட்டிக்கின்றது.

தொடக்கத்தில் அவன் தெருமுனையொன்றில் முதுகு காட்டி நிற்கின்றான். கையிலே கோமாளி முகமூடி தொங்குகின்றது. கமரா மெல்ல அதனை நோக்கி நகர்கின்றது. முகம் காட்டாமையே அங்குத் தொழில் செய்கின்றது. தொடர்ந்து வரும் வங்கிக் கொள்ளையை ஒளிப்பதிவாளர் வாலி பிஸ்ரர், 65 மில்லிமீற்றர் படச்சுருள் ஓடும் ஐமாக்ஸ் கமராவினாற் பதிந்தார்.

ஜோக்கருக்கென ஹான்ஸ் சிம்மர் அமைத்த இசை பண்ணுமன்று, பாட்டுமன்று. செலோ என்னும் நரம்புக்கருவியில் ஒரு சுரம் நீண்டு, முறுக்கேறி, இதோ அறுந்துவிடும் என்னும் நிலையில் நிற்கும். அறுவதில்லை. பாட்டாயின் அடுத்த அடியை எதிர்பார்த்து மனம் ஆறும். ஈங்கு ஆறுதற்கு இடமில்லை.

இதனினும் வியத்தகுவது பற்மானின் மோட்டார் சைக்கிள் ஒலி. ஒலித்தொகுப்பாளர் றிச்சர்ட் கிங் அதற்குக் கைக்கொண்டது, 1964இல் றோஜர் ஷெப்பர்ட் என்னும் உளவியலறிஞர் விளக்கிய செவிமயக்கு. ஒன்றற்கொன்று இரட்டித்த அதிர்வுடைய பல தொனிகளை ஒருங்கே உயர்த்துவர். மேலே சென்றது தேய்ந்து மறைய, கீழே புதியதொன்று மெல்லப் புகும். செவியோ ஒலி ஓயாது ஏறுகின்றதென்றே கொள்ளும். உச்சி என்பதே கிடையாது. இப்படத்துக்காக 2009இல் அவர் ஒஸ்கார் பரிசு பெற்றார்.

நிற்க. பேரொலியே யாவும் என்பார்க்கு விடை, லொறித் துரத்தற் காட்சியிலே உளது. சிக்காகோவின் நிலக்கீழ்ச் சாலையில் வாகனங்கள் மோதுங்கால் பெரும்பகுதியும் இசையே இல்லை. இயந்திர உறுமலும் இரும்பு கிழிபடும் ஓசையுமே கேட்கும். இசை உடனிருந்தால் ‘வீரன் வெல்வான்’ என்று அது முன்னரே சொல்லிவிடும். சொல்வார் இல்லாதவிடத்து நாம் தனித்து விடப்படுகின்றோம். ஈற்றில் அந்நெடிய லொறி தலைகுப்புற எழுந்து கவிழ்கின்றது. கணினிச் சித்திரமன்று; மெய்யான லொறியை மெய்யான தெருவிலே கவிழ்த்தனர். கமராவும் அதனை முழுமையாகக் காட்டி அமைகின்றது. இக்காலப் படங்கள் பலவற்றில் இமைக்கு ஒரு துண்டாகக் காட்சியை நறுக்குகின்றனர். யார் யாரை அடித்தார் என்பதே விளங்குவதில்லை. விளங்காதவிடத்து வெருட்சி உண்டாகலாம், பதற்றம் உண்டாகாது.

எமது மாணவர் இப்படங்களைக் கைத்தொலைபேசியிற் காண்கின்றனர். அதன் சிறு ஒலிபெருக்கியில் ஆழ்ந்த தொனிகள் எழமாட்டா. எடுத்தோர் உழைப்பிற் பாதி அவ்விடத்தே வீணாகின்றது. நல்ல செவிக்கருவி பூண்டு, லொறிக் காட்சியை ஒருமுறை கண்மூடிக் கேட்டு, பின்னர் ஒலியை அடக்கி ஒருமுறை பார்ப்பாராக. கல்லூரித் திரைப்படக் கழகத்தார் மண்டபத்திலே ஒரு மாலை இதனைச் செய்து காட்டுவரேல், முன்வரிசையில் எனக்கும் ஓர் இருக்கை வேண்டும்.