கார்டில் ஒரு வரி: சில குறிப்புகள்

விசிட்டிங் கார்டின் அளவு மூன்றரைக்கு இரண்டு அங்குலம். பெயர், தொழில், முகவரி, இரண்டு செல் நம்பர், உச்சியில் பிள்ளையார். இவை போக மிஞ்சும் இடத்தில் ஒரு வரி போடலாம். அச்சகத்துக்கு வருகிறவர்கள் அதைத்தான் கடைசியாக யோசிக்கிறார்கள். “நீங்களே நல்லதா ஏதாவது போட்டுடுங்க” என்பார்கள். கம்ப்யூட்டரில் இருப்பவருக்கும் அவசரம். “தரமே எங்கள் தாரக மந்திரம்” என்று அடித்துவிடுவார்.

அதே வரி ஜவுளிக்கடைப் பையில் இருக்கிறது, பேட்டரிக் கடைப் பலகையில் இருக்கிறது, கேட்டரிங் வேனிலும் இருக்கிறது. “நம்பிக்கை, நாணயம், தரம்” என்பதும் இந்த வகைதான். நான் செய்யும் சோதனை சுலபமானது. வரிக்கு மேலே எதிர்க்கடைக்காரர் பெயரை எழுதிப் பார்ப்பேன். அப்போதும் பொருந்தினால் நீக்கிவிட வேண்டியதுதான்.

*

தமிழில் தொழில்காரர்கள் எழுதிய வரிகளில் எனக்கு முதலிடம் ஆட்டோவின் முதுகில் இருப்பதற்குத்தான்: பிரசவத்துக்கு இலவசம்.

எழுதியவர் யாரென்று எவரும் கேட்பதில்லை. ஆனால் இரண்டே சொல்லில் யாருக்கு, எப்போது, என்ன விலைக்கு என்பது மூன்றும் வந்துவிட்டது. நடுராத்திரி வலி எடுத்தால் வண்டிக்கு எங்கே ஓடுவது என்பது வீட்டில் இருப்பவர்களின் பெரிய பயம். அந்தப் பயத்துக்கு நேராகப் பதில் சொல்கிறது அந்த வரி. இன்னொன்றும் உண்டு. அதைப் படிப்பவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட அன்று பிரசவ அவசரம் இருக்காது. ஆனாலும் ‘இந்த ஆள் மீட்டருக்கு மேலே கேட்டு அடாவடி பண்ண மாட்டார்’ என்று மனசு சொல்லும். நல்லவன் என்று தன்னைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமலே, நல்லவன் என்று நினைக்க வைக்கிறார் ஓட்டுநர். சொன்னபடி செய்தாரா என்று எவரும் சரிபார்க்கவும் முடியும். சரிபார்க்க முடிகிற வாக்கைத்தான் ஜனங்கள் நம்புகிறார்கள்.

“எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது” என்பதும் இந்தச் சாதிதான். பெயர் எடுத்த கடைக்குப் பக்கத்திலேயே அதே பெயரில் போலி முளைக்கும் ஊரில், வாடிக்கையாளருக்குத் தேவையான தகவல் அது ஒன்றுதான்.

*

சிலருக்கு வரியை ஊரே எழுதிக் கொடுத்துவிடுகிறது.

வியாசர்பாடியில் டாக்டர் திருவேங்கடம் 1973இல் கிளினிக் தொடங்கியபோது வாங்கியது இரண்டு ரூபாய். பிறகு அது ஐந்து ரூபாயானது. 2020 ஆகஸ்டில் அவர் இறந்தபோது வடசென்னையே ‘அஞ்சு ரூபா டாக்டர்’ போய்விட்டார் என்றுதான் அழுதது. எம்.பி.பி.எஸ். என்ற எழுத்துகளைவிட அந்த மூன்று சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு 1957இல் தொடங்கிய பிரியாணிக் கடைக்கு ஆனந்த விலாஸ் என்று பெயர். அவர் தலையில் எப்போதும் தலப்பா இருக்கும். ஜனங்கள் தலப்பாக்கட்டி கடை என்றார்கள். பலகையில் இருந்த பெயர் பின்னுக்குப் போய், வாயில் இருந்த பெயர் நிலைத்தது.

அதனால் வரி தேடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: உங்களை இன்னொருவருக்குச் சொல்லிவிடும்போது உங்கள் வாடிக்கையாளர் என்ன சொல்கிறார்? “அவர் கைராசிக்காரர்”, “பட்டா விஷயமா, அவரைப் பாருங்க”, “ஜாக்கெட் தோள்பட்டை பிடிக்காம தைப்பாங்க”. வரி ஏற்கெனவே பிறந்திருக்கும். போய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

*

ஒரு மோட்டார் மெக்கானிக். கார்டுக்கு அவர் எழுதி வந்தது: “அனைத்து விதமான மோட்டார் மற்றும் பம்ப் செட் ரிப்பேர்கள் சிறந்த முறையில் குறைந்த செலவில் செய்து தரப்படும்.”

“ஜனங்க போன் பண்ணினா முதல்ல என்ன சொல்வாங்க?” என்று கேட்டேன்.

“மோட்டார் ஓடுது, தண்ணி வரலைம்பாங்க.”

“போய்ப் பார்த்தா?”

“பாதி வீட்ல ஏர் லாக் ஆகியிருக்கும். இல்லேன்னா ஃபுட் வால்வு போயிருக்கும். காயில் எரிஞ்சு போச்சுன்னு சொல்லி மோட்டாரைக் கழட்டிட்டுப் போறவன் இருக்கான் சார். நான் தண்ணி ஊத்திப் பார்க்காம எதையும் கழட்ட மாட்டேன்.”

அவருடைய வித்தை முழுக்க அந்தப் பேச்சிலேயே இருந்தது. கார்டில் “மோட்டார் ஓடுது, தண்ணி வரலையா?” என்று போட்டு, அடியில் செல் நம்பரைப் பெரிதாக வைத்தோம். அவருக்குத் தயக்கம். “காயில் கட்டறேன், பேரிங் மாத்தறேன், போர்ல இறக்கறேன். இதை மட்டும் போட்டா மத்த வேலை வராதே சார்?”

இந்தத் தயக்கம் எல்லாத் தொழிலிலும் இருக்கிறது. எல்லாம் செய்வேன் என்று எழுதினால் எல்லா வேலையும் வரும் என்று நினைக்கிறோம். ஜனங்களுக்கு அவசரத்தில் ஞாபகம் வருவது ஒரே ஒரு வேலைதான். அதற்காக உள்ளே விட்டவர்கள், அடுத்த வேலைக்கு வேறு ஆளைத் தேட மாட்டார்கள்.

*

வக்கீல், டாக்டர், ஆடிட்டர் மூவருக்கும் கணக்கு வேறு. இந்திய பார் கவுன்சில் விதி 36இன்படி வழக்கறிஞர் விளம்பரம் செய்து வழக்குப் பிடிக்கக் கூடாது. பெயர்ப் பலகை அளவாக இருக்க வேண்டும். இன்ன வகை வழக்கில் நிபுணர் என்றோ, முன்னாள் நீதிபதி என்றோ அதில் போடக் கூடாது. 2008 திருத்தத்துக்குப் பிறகு இணையதளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், தகுதி, எந்தத் துறை வழக்குகள் என்ற அளவுக்கு மட்டும் அனுமதி. ஆடிட்டர்களை 1949ஆம் வருடச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. டாக்டர்களுக்கு 2002இல் வந்த நெறிமுறைகள், கிளினிக் தொடங்குவதையும் இடம் மாறுவதையும் கட்டணத்தையும் அறிவிக்க இடம் கொடுத்துவிட்டு, நோயாளி பிடிப்பதற்குத் தடை போடுகின்றன.

எனக்கு இது சரியென்றே படுகிறது. வலியோடும் வழக்கோடும் வருகிறவர் நிதானத்தில் இருப்பதில்லை. அவரை ஒரு வரியால் இழுப்பது நியாயமில்லை. இந்தத் தொழில்களில் இருப்பவர்கள் கார்டில் வரி கேட்டால் போடாதீர்கள் என்றே சொல்கிறேன். அவர்களுக்கான வரி, வேலை முடிந்து படியிறங்குகிறவரின் வாயில் இருக்கட்டும்.

*

“நம்பர் ஒன்” என்று எழுதும் ஆசை பலருக்கு. 1962இல் அமெரிக்காவில் ஏவிஸ் என்ற வாடகைக் கார் கம்பெனி நேர்மாறாகச் செய்தது. நாங்கள் இரண்டாம் இடத்தில்தான் இருக்கிறோம், அதனால் கூடுதலாகப் பாடுபடுகிறோம் என்று விளம்பரம் கொடுத்தது. எழுதியவர் பவுலா கிரீன் என்ற பெண்மணி. நஷ்டத்தில் ஓடிய கம்பெனி ஒரு வருடத்துக்குள் லாபத்துக்கு வந்தது. உண்மையைச் சொன்னதோடு, அந்த உண்மையால் வாடிக்கையாளருக்கு என்ன லாபம் என்பதையும் சேர்த்துச் சொன்னதில்தான் கெட்டிக்காரத்தனம்.

*

ஓசை முக்கியம். “நாம் இருவர், நமக்கு இருவர்” என்ற குடும்பக் கட்டுப்பாட்டு வரியைச் சுவரில் படித்து வளர்ந்த தலைமுறை அதை இன்னும் மறக்கவில்லை. பின்னால் “நமக்கு ஒருவர்” என்று ஒரு சொல்லை மாற்றியதுமே எல்லோருக்கும் விளங்கியது. ஆனால் எதுகை மோனைக்காகப் பொருளை வளைத்தால் வரி கெட்டது. பேசுகிறபடியே எழுதத் தயங்க வேண்டாம். “தண்ணி வரலையா” என்பதை “நீர் வரவில்லையா” என்று திருத்தியிருந்தால் மெக்கானிக் கார்டு செத்திருக்கும்.

வரியை முடிவு செய்தபின் போனில் ஒருவருக்கு ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். மறுநாள் கேளுங்கள். ஏறக்குறைய அதே சொற்களில் திருப்பிச் சொன்னால் அச்சுக்குக் கொடுக்கலாம்.

*

இன்னொன்று. வரி கிடைத்த பிறகு அதை மாற்றாதீர்கள். வைரம் என்றைக்கும் நிலைக்கும் என்ற பொருளில் ஃபிரான்சஸ் ஜெரட்டி 1947இல் டி பியர்ஸ் கம்பெனிக்கு நான்கு சொல்லில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார். எழுபது வருடம் தாண்டியும் உலகம் அதைச் சொல்கிறது. நம் ஆட்கள் ஒவ்வொரு தீபாவளிக்கும் புது வரி கேட்கிறார்கள். எழுதியவருக்கு அலுத்துப்போகும் நேரத்தில்தான் ஊர் அதைக் கவனிக்கவே ஆரம்பிக்கிறது. கார்டு தீர்ந்ததா, அதே வரியோடு மறுபடி அடிக்கக் கொடுங்கள். நம்பர் மாறியிருந்தால் அதை மட்டும் திருத்துங்கள்.