மருமகனின் பனிப்பலகை

பனி என்ற ஒரு சொல்லைக் கொண்டே புல்நுனியில் நிற்கும் துளியையும், மலைச்சாரலை மூடும் மூட்டத்தையும், வானிலிருந்து பஞ்சாய்ப் பொழிவதையும் குறித்துவிடுகிறோம். மூன்றாவது நம் தீவிலே இல்லை; நுவரெலியாவில் தை மாதக் காலைகள் சிலவற்றில் புல்வெளி வெளுத்திருப்பதோடு சரி. அப்படியிருக்க, புகையிரதம் கடந்தால் யன்னல் அதிரும் வெள்ளவத்தை வீட்டிலிருந்து பனிச்சறுக்குப் பலகையைப் பற்றி எழுத எனக்கென்ன உரிமை என்று வாசகர் கேட்கலாம்.

உரிமை தந்தவன் கனடாவிலே படிக்கும் என் மருமகன். சென்ற குளிர்காலத்தில் பலகையோடு விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். "இனி அதைத் தொடக்கூடாதென்று நீதான் சொல்ல வேணும், தம்பி" என்றார் அக்கா. ஒரே பிள்ளை, தகப்பனில்லாதவன். தடுப்பதற்காகவே தொலைபேசியை எடுத்தேன். அவனோ, "மாமா, நீங்கள் பௌதிகம் படிப்பிக்கிறவர்தானே, ஒரு கணக்குக் கேட்கட்டோ?" என்றான்.

நல்ல கணக்குத்தான். பலகையின் மேல் கால்கள் குறுக்காக நிற்கும். சப்பாத்துகளைப் பிணைக்கும் கட்டுகளைத் திருகாணிகளால் வேண்டிய கோணத்திலே பொருத்தலாம். பலகையைச் சாய்த்து, அதன் உருக்கு விளிம்பாற் பனியைக் கீறி வளைந்தோடுவதே கலை. சாயும்போது விரற்பக்கமோ குதியோ பனியில் உரசினால் விளிம்பு மேலெழும், பிடி போய்விடும்.

அவனுடைய பலகை நடுவிலே 25 சென்ரிமீற்றர் அகலம். சப்பாத்து 30 நீளம். மிகுதி 5 சென்ரிமீற்றரை விரற்பக்கம் 4, குதிப்பக்கம் 1 என்று பொருத்தியிருந்தான். சப்பாத்தின் அடி, பலகையின் அடிப்பரப்பிலிருந்து 4 சென்ரிமீற்றர் உயரமெனக் கொண்டால், 45 பாகை சாய்ந்ததுமே விரல் பனியைத் தொடும். இருபுறமும் இரண்டரையாகப் பகிர்ந்தால் 58 பாகை வரை சாயலாம். காலை 30 பாகை முன்னோக்கித் திருப்பினாலோ நீளத்தின் குறுக்களவு 26 ஆகச் சுருங்கி, அச்சம் பெரும்பாலும் நீங்கும். பாதத்தின் அகலத்தையும் விளிம்பு பனியிற் புதைவதையும் சேர்த்தால் இவ்வெண்கள் சற்றுக் குறையும்.

பழகுவோருக்கு வாத்தின் கால்போல இருபுறமும் விரித்துப் பொருத்துவதுண்டு. விளிம்பில் வளைந்தோடுவோர் பலர் முன்கால் 30, பின்கால் 15 என்ற அளவில், இரண்டையும் முன்னோக்கியே வைக்கின்றனர். வன்சப்பாத்து அணியும் பந்தயக்காரர் 50, 60 பாகைகூடத் திருப்புவர். 1965இல் அமெரிக்காவின் மிச்சிக்கனில் ஷேர்மன் பொப்பென் தம் மகள்மாருக்காக இரு சறுக்குச் சட்டங்களை இணைத்துச் செய்த முதற் பலகையிலே கட்டே கிடையாது! 1998இல் நகானோ ஒலிம்பிக்கிலேயே இவ்விளையாட்டு இடம்பெற்றுவிட்டது.

நான் தடுக்கவில்லை. தடுத்தால் ஒளித்துப் போவான் என்பதை வகுப்பறை எனக்குக் கற்பித்திருக்கிறது. கோணங்களைக் கடதாசியில் வரைந்து அக்காவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்திருந்தார்.

"அந்தக் கைக்கு ஏதும் காப்புறை விற்கிறார்களோ, கேள்" என்றார்.